மஞ்சப்பையும் ஆடிட்டரும்

(கும்பகோணத்தில் ஒரு நூலக வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆடிட்டர் இல்லை. ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் கணக்கெழுதியவன். கட்சிக்காரர்கள் உள்ளே போய் ஆடிட்டரைப் பார்ப்பதற்கு முன்னால் என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனால் அவர்கள் என்ன கொண்டுவருகிறார்கள், எதற்குக் காசு கொடுக்கிறார்கள், எது வீண்செலவு, எது கட்டாயம் என்பதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ‘சைடு பிசினஸுக்கு ஆடிட்டர் வைக்கணுமா?’ என்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன். இந்தக் கேள்விக்கு நேரான பதில் கிடைக்காமல் நஷ்டப்பட்டவர்கள் என் சொந்த வீட்டிலேயே உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஜூலை மாதம் கடைசி வாரத்தில் எங்கள் அலுவலகத்துக்கு மஞ்சப்பைகள் வரும். ஜவுளிக்கடையில் கொடுத்த பை. அதற்குள் ஒரு வருடத்துக் காகிதம் முழுக்க இருக்கும். “சார், எல்லாம் இதுல இருக்கு, பாத்துக்குங்க” என்று மேசைமேல் வைத்துவிட்டு, வந்தவர் பஸ் பிடிக்கப் போய்விடுவார். நான் பையைக் கவிழ்ப்பேன். மளிகை மொத்தக்கடைத் துண்டுச்சீட்டு, கூரியர் ரசீது, மின்கட்டண அட்டை, நடுவில் ஒரு கல்யாணப் பத்திரிகையும் இருக்கும். ஒரு தடவை ஓர் அம்மாவின் பையில் நாற்பத்துமூன்று ரசீதுகள் இருந்தன. அவற்றில் பதினேழு வெறும் வெள்ளைத்தாள். மெஷினில் அடித்துத் தருகிற அந்த வழுவழுப்பான காகிதம் சூடு பட்டால் எழுத்து போய்விடும். அந்த அம்மா அவற்றை அடுப்புக்கு மேலே அலமாரியில் வைத்திருந்தார். டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, சாய்த்துப் பார்த்து, இரண்டு மூன்றில் மட்டும் தொகையைக் கண்டுபிடித்தேன். மற்றவை போனவைதான். அவர் உண்மையிலேயே செலவழித்த பணம் அது. எந்த ஆடிட்டராலும் அதை மீட்டுத் தர முடியவில்லை.

அன்றைக்கு எனக்கு உறைத்ததை இன்றைக்கு வரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கணக்கு எழுதுவது ஒரு வேலை. வரிச் சட்டம் தெரிந்து முடிவு சொல்வது இன்னொரு வேலை. முதல் வேலை தொழில் செய்கிறவருடையது. அதைக் காசு கொடுத்து வெளியில் தள்ள முடியாது. இரண்டாவதுக்குத்தான் ஆள் தேவை. அதுவும் எல்லா வருடமும் தேவைப்படாது. எந்தத் திருப்பத்தில் தேவை என்று கண்டுபிடிப்பதுதான் இன்றைய பேச்சு.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். எனக்குத் தெரிந்த ஒரு தனியார் பள்ளி ஆசிரியை. ஊர், பேர் வேண்டாம். வருடச் சம்பளம் 4,20,000 ரூபாய். வீட்டில் சாம்பார்பொடி, ரசப்பொடி, பருப்புப்பொடி அரைத்து விற்கிறார். வருடத்துக்கு 6 லட்சம் ரூபாய் விற்பனை. அதில் 4,80,000 யு.பி.ஐ. மூலம் வங்கிக்கு வந்தது, 1,20,000 கையில் ரொக்கமாக வந்தது. மிளகாய், மல்லி, பருப்பு, அரவைக்கூலி, பாக்கெட், உதவிக்கு வருகிற பெண்ணுக்குச் சம்பளம் எல்லாம் போக நிஜமாக நின்றது 1,50,000.

பள்ளியில் வருடாவருடம் ஒருவர் வந்து, எல்லா ஆசிரியர்களிடமும் ஃபாரம் 16-ஐயும் தலைக்கு இவ்வளவு என்று காசையும் வாங்கிக்கொண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்துவிடுவார். அது ஐ.டி.ஆர்.-1, ‘சகஜ்’ என்று பெயர். சம்பளக்காரர்களுக்கான படிவம். தொழில் வருமானம் ஒரு ரூபாய் இருந்தாலும் அதைப் பயன்படுத்தக் கூடாது. “உங்களுக்கு வேறு வருமானம் உண்டா?” என்று அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. மூன்று வருடமாகப் பொடி வருமானம் கணக்கிலேயே வரவில்லை. இந்த அம்மா ஏமாற்ற நினைத்தவர் இல்லை. “அது சும்மா வீட்டு வியாபாரம்தானே சார், அதெல்லாமா காட்டணும்?” என்று என்னிடம் கேட்டபோது அவர் முகத்தில் இருந்தது பயம்தான்.

இவருக்கு ஆடிட்டர் வேண்டுமா? வருமான வரியை மட்டும் பார்த்தால் வேண்டாம் என்பேன். சிறு தொழில்களுக்கு உத்தேச லாப முறை என்று ஒன்று உண்டு. வருமான வரிச் சட்டத்தில் 44ஏடி என்று பேர்பெற்ற பிரிவு. வருட விற்பனை 2 கோடிக்குள் இருந்தால், ரொக்கமாக வந்ததில் 8 சதவீதம், வங்கி வழியாக வந்ததில் 6 சதவீதம் லாபம் என்று எடுத்துக்கொள்ளலாம். ரொக்கம் மொத்தத்தில் 5 சதவீதத்துக்கு மேல் போகாவிட்டால் வரம்பு 3 கோடி. கணக்குப் புத்தகம் வைக்க வேண்டும், தணிக்கை செய்ய வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லை. படிவம் ஐ.டி.ஆர்.-4, ‘சுகம்’. இந்த அம்மாவுக்கு அந்தக் கணக்கில் 28,800-ம் 9,600-ம் சேர்த்து 38,400 ரூபாய் வருகிறது.

ஆனால் நிஜ லாபம் ஒன்றரை லட்சம். இங்கேதான் “அதெல்லாம் ஆறு பர்சென்ட் போட்டா போதும்” என்று சொல்கிறவர்கள் உண்டு. பிரிவின் வாசகம் அந்தச் சதவீதம் ‘அல்லது அதைவிட அதிகமாக ஈட்டியதாகக் கூறும் தொகை’ என்று போகிறது. நான் உண்மை லாபத்தையே காட்டச் சொல்வேன். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, போட்டுப் பாருங்கள். 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில் சம்பளத்தில் 75,000 நிலையான கழிவு போக 3,45,000. அதனோடு ஒன்றரை லட்சம் சேர்த்தால் 4,95,000. புதிய முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்குத் தள்ளுபடி இருப்பதால் இவர் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். 38,400 காட்டினாலும் பூஜ்யம், ஒன்றரை லட்சம் காட்டினாலும் பூஜ்யம். அப்புறம் எதற்கு மறைக்க வேண்டும்? நாளைக்கு மாவு மெஷின் வாங்க வங்கியில் கடன் கேட்டால், ‘மூன்று வருட ரிட்டர்ன் கொண்டுவாருங்கள்’ என்பார்கள். அதில் 38,400 என்று இருந்தால் கடன் அந்த அளவுக்குத்தான் நீளும்.

அந்த அம்மாவும் பிளஸ் டூ படிக்கிற அவர் பையனும் உட்கார்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் அந்தப் படிவத்தை முடித்துவிட்டார்கள். நான் ஒரு தடவை மேலோட்டமாகப் பார்த்தேன், அவ்வளவுதான். விட்டுப்போன முந்தைய வருடங்களுக்கு வரி பாக்கி இருந்தால் அதற்கும் வழி உண்டு. திருத்தித் தாக்கல் செய்வதற்கான ‘அப்டேட்டட் ரிட்டர்ன்’ கால அவகாசத்தை 2025-ல் நான்கு ஆண்டுகளாக நீட்டித்திருக்கிறார்கள். பாக்கி வரியைக் கூடுதல் தொகையோடு கட்ட வேண்டும்.

இத்தோடு கதை முடிந்திருந்தால், ‘ஆடிட்டர் வேண்டாம், நோட்டுப் போதும்’ என்று சொல்லி உட்கார்ந்திருப்பேன். முடியவில்லை. அவருடைய கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது கூரியர் செலவு ஒரு பக்கத்தில் மட்டும் அடர்த்தியாக இருந்தது. “இது எந்த ஊருக்கும்மா?” என்றேன். “பெங்களூருக்கு சார். என் நாத்தனார் இருக்கிற அப்பார்ட்மெண்ட்ல மாசம் நாப்பது பாக்கெட் போகுது.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சரக்கு விற்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஜி.எஸ்.டி. பதிவுக்கான வரம்பு வருடத்துக்கு 40 லட்சம், சேவைகளுக்கு 20 லட்சம். ஆறு லட்சக்காரருக்கு அதில் கவலையே இல்லை. ஆனால் வரிக்குட்பட்ட சரக்கை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு விற்றால் அந்த வரம்பு கிடையாது. பொதுவாக முதல் பாக்கெட்டிலிருந்தே பதிவு கட்டாயம். கைவினைப் பொருள்களுக்குச் சில சலுகைகள் உண்டு. பொடி கைவினைப்பொருள் ஆகாது. சரி, சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்து குறைந்த வரி கட்டலாமே என்றால், அதில் இருப்பவர்கள் வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்கவே கூடாது. பதிவு எடுத்தால் விற்பனை இல்லாத காலத்துக்கும் ‘நில்’ என்று தாக்கல் செய்துகொண்டே இருக்க வேண்டும், தவறினால் நாள் கணக்கில் தாமதக் கட்டணம்.

அங்கே நான் நோட்டை மூடிவிட்டேன். “அம்மா, இதுக்கு ஆடிட்டர்கிட்ட போங்க. நாளைக்கே போங்க” என்றேன். இரண்டு வருடமாகப் போன பாக்கெட்டுகளுக்கு என்ன செய்வது, வரியைத் தாமாக முன்வந்து எப்படிக் கட்டுவது, பெங்களூர் வியாபாரத்தைத் தொடர்வதா நிறுத்துவதா, ஒவ்வொரு பொடிக்கும் எந்த வகைப்பாடு, எவ்வளவு வரி. இவற்றுக்கெல்லாம் படித்தவர் ஒருவர் பொறுப்பேற்றுப் பதில் சொல்ல வேண்டும். இணையத்தில் தேடிப் பார்த்துச் செய்கிற காரியம் இல்லை. என்னைப் போன்ற கணக்குப்பிள்ளை ஊகத்தில் சொல்லவும் கூடாது.

கவனித்தீர்களா, ஆடிட்டரிடம் போக வேண்டிய காரணம் ஆறு லட்சம் என்ற தொகையிலிருந்து வரவில்லை. மாதம் நாற்பது பாக்கெட்டிலிருந்து வந்தது. “இன்னும் பெருசா வளரட்டும், அப்புறம் ஆடிட்டர் வெச்சுக்கலாம்” என்று பலர் சொல்வதை நான் ஏற்றுக்கொள்ளாததற்கு இதுதான் காரணம். முப்பது லட்சத்துக்கு உள்ளூரிலேயே விற்கிறவர் நிம்மதியாக இருக்கலாம். ஆறு லட்சத்துக்கு எல்லை தாண்டியவர் இருக்க முடியாது.

இது மாதிரி இன்னும் சில இடங்கள் உண்டு. இன்ஷூரன்ஸ் ஏஜென்டாக, நிலத் தரகராகக் கமிஷன் வாங்குகிறவர்களுக்கு நான் சொன்ன ஆறு, எட்டு சதவீத முறை கிடையாது. அது தெரியாமல் ‘சுகம்’ படிவத்தில் போட்டுவிட்டு நோட்டீஸ் வாங்கியவர்களை நிறைய பார்த்திருக்கிறேன். சட்டம் பட்டியலிட்டிருக்கிற டாக்டர், வக்கீல், பொறியாளர் போன்ற தொழில்களுக்கு வேறு முறை. வரவில் பாதியை வருமானமாக எடுத்துக்கொள்ள வேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டே செல்போனில் பங்குச்சந்தை ‘எஃப் அண்ட் ஓ’ வியாபாரம் செய்கிற பிள்ளைகள் இங்கேயும் இருப்பீர்கள். அது வெறும் முதலீடு என்று நினைக்காதீர்கள் தம்பிகளா. சட்டத்தின் கண்ணில் அது தொழில் வருமானம். நஷ்டம் வந்திருந்தால்கூடக் காட்ட வேண்டும். காட்டினால்தான் அந்த நஷ்டத்தை அடுத்த வருடங்களின் லாபத்தில் கழிக்க முடியும். அதில் ‘டர்ன்ஓவர்’ கணக்கிடுகிற விதமே தனி. நீங்கள் கட்டாயம் ஆடிட்டரைப் பாருங்கள்.

இன்னொன்றைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். சம்பளம் மட்டும் வாங்குகிறவர் பழைய வரி முறை, புதிய வரி முறை இரண்டில் எது லாபமோ அதை வருடாவருடம் மாற்றிக்கொள்ளலாம். தொழில் வருமானம் சேர்ந்துவிட்டால் அந்தச் சுதந்திரம் போய்விடுகிறது. படிவம் 10-ஐ.இ.ஏ. கொடுத்துப் பழைய முறைக்குப் போனால், ஒரே ஒரு தடவைதான் புதியதற்குத் திரும்பலாம். அதன்பிறகு தொழில் வருமானம் இருக்கும்வரை கதவு அடைத்ததுதான். வீட்டுக்கடன் வட்டிக்காக இந்த வருடம் மட்டும் பழைய முறைக்குப் போவோம் என்று அவசரத்தில் ஒரு கட்டத்தில் டிக் செய்துவிட்டுப் பிறகு வருந்துகிறவர்கள் இருக்கிறார்கள். உத்தேச லாப முறையிலும் அப்படி ஒரு கண்ணி உண்டு. ஒரு வருடம் அதில் நுழைந்துவிட்டு, அடுத்த ஐந்து வருடத்துக்குள் ‘இந்த வருடம் லாபம் குறைவு’ என்று அதைவிட்டு வெளியே வந்தால், பிறகு ஐந்து வருடத்துக்கு அந்த முறை கிடைக்காது. வருமானம் அடிப்படை வரம்பைத் தாண்டினால் கணக்குப் புத்தகமும் தணிக்கையும் வேண்டும். ஆகவே முதல் வருடத்தில் எந்த வழியில் போகிறோம் என்பதை மட்டுமாவது ஆடிட்டரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். அதற்கு அரைமணி நேரம் ஆகும். அந்த அரைமணிக்குக் கொடுக்கிற கட்டணம், அடுத்தடுத்த வருடங்களில் ‘சுகம்’ படிவத்தை நிரப்புவதற்கு நீங்கள் கொடுக்கிற கட்டணத்தைவிடப் பல மடங்கு பயன் தரும். பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். முடிவை நண்பரிடம் கேட்டுவிட்டு, படிவம் நிரப்ப மட்டும் காசு கொடுக்கிறார்கள்.

அரசு ஊழியர்கள் சிலர் மனைவி பெயரில் தொழில் நடத்துவதைப் பற்றி என்னிடம் தனியாகக் கேட்டார்கள். நடத்தை விதிகளின்படி அனுமதி பெறுவது துறையோடு உங்கள் விவகாரம், அதை ஆடிட்டர் தீர்க்க முடியாது. வரியைப் பொறுத்தவரை, கணவர் கொடுத்த முதலில் மனைவி தொழில் செய்தால், அந்த முதலின் அளவுக்கு உண்டான லாபத்தைக் கணவர் வருமானத்தோடு சேர்த்துவிடுவார்கள்.

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன் என்றேன். என் அண்ணன் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்துக்கொண்டே மாலையில் சைக்கிள் பாகங்கள் விற்றவர். நான் ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறேன், என்னிடம் சொல்லியிருக்கலாம். தம்பியைத் தொந்தரவு செய்வானேன் என்று நினைத்தார். யாரோ சொல்லி, ரிட்டர்ன் போட்டுத் தருகிற ஒருவரிடம் போனார். அவர் “ரீஃபண்ட் வாங்கித் தர்றேன், வர்றதுல பத்து பர்சென்ட் குடுங்க” என்றார். முதல் வருடம் ரீஃபண்ட் வந்தது. அண்ணன் எங்கள் எல்லோருக்கும் ஸ்வீட் வாங்கிவந்தார். மூன்றாவது வருடம் வங்கிக்கடனுக்குப் போனபோதுதான் வருமான வரித் தளத்தில் அவர் பெயரில் பாக்கி நிற்பது தெரிந்தது. நான் லாகின் செய்யப் பார்த்தேன், முடியவில்லை. பதிவான கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் அந்த ஆளுடையவை. நோட்டீஸ் எல்லாம் அவருக்கே போயிருக்கிறது. கொடுக்காத நன்கொடை, கட்டாத வீட்டு வாடகை எல்லாம் என் அண்ணன் பெயரில் கழிவாகக் கேட்கப்பட்டிருந்தன. வாங்கிய ரீஃபண்டும் வட்டியும் அபராதமும் அண்ணன் கட்டினார். அந்த ஆள் பிறகு போன் எடுக்கவில்லை. அண்ணன் அதற்குப் பிறகு கொஞ்ச நாள் என் முகத்தைப் பார்த்தே பேசவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாதது.

அண்ணனுக்கு மட்டும் நடந்த விஷயம் இல்லை இது. 2025 ஜூலையில் வருமான வரித் துறை நாடு முழுக்க ஏறத்தாழ 150 இடங்களில் சோதனை நடத்தியது. பொய்க் கழிவு போட்டு ரீஃபண்ட் வாங்கித் தருகிறவர்களைக் குறிவைத்த சோதனை. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் மட்டும் சுமார் 40,000 பேர் தாமாகவே ரிட்டர்னைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய்ப் பொய்க் கழிவுகளைத் திரும்பப் பெற்றதாகத் துறை அறிவித்தது. பொய்யாகக் காட்டிய வருமானத்துக்கு, தவிர்த்த வரியில் 200 சதவீதம்வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. அது கையெழுத்திட்டவர் தலையில்தான் விழும், நிரப்பிக் கொடுத்தவர் தலையில் விழாது.

ஆகவே ஒருவரை வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தால் இதைப் பாருங்கள். ‘ஆடிட்டர்’ என்று பலகையில் எழுதியிருப்பவரெல்லாம் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் இல்லை. ரிட்டர்ன் நிரப்பித் தர சி.ஏ.வாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. நேர்மையாக அதைச் செய்கிற ஆலோசகர்கள் நம் ஊரில் நிறைய பேர் இருக்கிறார்கள். ஆனால் வரித் தணிக்கை அறிக்கையில் சி.ஏ. மட்டுமே கையெழுத்துப் போட முடியும். 2019 முதல் அவர்கள் கையெழுத்திடுகிற ஒவ்வொரு சான்றிதழுக்கும் யு.டி.ஐ.என். என்ற தனி எண் உண்டு. அந்த எண்ணை வைத்து சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்கள் இன்ஸ்டிட்யூட்டின் தளத்தில் நீங்களே சரிபார்க்கலாம். கிடைக்கிற தொகையில் சதவீதம் என்று கட்டணம் பேசுவதற்கு, பொதுவாக, சி.ஏ.க்களுக்கு 1949-ஆம் ஆண்டு வந்த அவர்களது சட்டமே தடை போட்டிருக்கிறது. என் அண்ணனுக்கு அது தெரிந்திருந்தால் ‘பத்து பர்சென்ட்’ என்ற வார்த்தையிலேயே எழுந்து வந்திருப்பார். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்கும் ஜி.எஸ்.டி. பதிவுக்கும் அரசு கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. ‘கவர்ன்மென்ட் ஃபீஸ்’ என்று யாராவது கேட்டால் ரசீது கேளுங்கள். வரித் தளத்தில் கைபேசி எண், மின்னஞ்சல், கடவுச்சொல் மூன்றும் உங்களுடையதாக இருக்கட்டும். ஆதார் ஓ.டி.பி. கேட்டு போன் வந்தால், “கணக்கீட்டுத் தாளை அனுப்புங்க, பாத்துட்டுச் சொல்றேன்” என்று சொல்லுங்கள். அந்த ஆறு இலக்கம்தான் உங்கள் கையெழுத்து.

சட்டமே மாறிவிட்டதே என்று ஒரு தம்பி வாசலில் கேட்டார். உண்மை. 1961-ஆம் ஆண்டுச் சட்டம் போய், 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்திருக்கிறது. 44ஏடி என்று நாக்கில் ஊறிய எண் போய் அந்த விதி 58-ஆம் பிரிவுக்குள் வந்துவிட்டது. உத்தேச லாபக் கணக்கு பெரும்பாலும் அப்படியேதான் இருக்கிறது. 2025-26 நிதியாண்டுக்கு நீங்கள் தாக்கல் செய்வது பழைய சட்டப்படிதான், குழம்ப வேண்டாம்.

அந்த ஆசிரியை ஆடிட்டரைப் பார்த்துவிட்டு வந்தார். பதிவு எடுத்துவிட்டார், பெங்களூர் உட்பட எல்லா விற்பனையிலும் வரியைச் சேர்த்துவிட்டார். ஜி.எஸ்.டி. வேலையை ஆடிட்டர் செய்கிறார், நோட்டை அவரே எழுதுகிறார். பொடிக்கென்று தனி வங்கிக் கணக்கு திறந்து, க்யூ.ஆர். அட்டையை அதற்கு மாற்றிவிட்டார். இப்போது ரசீது வந்த அன்றைக்கே போனில் படம் எடுத்துவிடுகிறார். அடுப்புக்கு மேலே எதையும் வைப்பதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இதே வாசிப்பு அறையில், ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருப்பேன். ஏப்ரல் 1 முதலான வங்கிக் கணக்கு அறிக்கையையும், எந்தெந்த ஊருக்குச் சரக்கு அனுப்புகிறீர்கள் என்ற பட்டியலையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். உங்களுக்கு ஆடிட்டர் வேண்டுமா வேண்டாமா என்பது வரை சேர்ந்து பார்ப்போம். மஞ்சப்பையோடு வருகிறவர்களும் வரலாம், ஆனால் ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டு வாருங்கள்.